கடலுக்குப் போகும் குளியல் நீர்

(நம் நிருபர்)

ஸ்ரீவிஜயபுரம்: ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் குடிதண்ணீருக்குக் குடத்துடன் காத்து நிற்கிறார்கள் என்றால், தாயகத்தில் உள்ள நம் உறவினர்கள் நம்ப மாட்டார்கள். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இங்கே கொட்டுகிறது. ஆனாலும் ஜனவரி பிறந்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வரையிலான நான்கு மாதங்களும் தீவு மக்களுக்குச் சோதனைக் காலமே. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். கடும் கோடையில் மூன்று நாளுக்கு ஒரு முறை. இது இங்கு வாழும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்த விஷயம்.

2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் போர்ட் பிளேருக்கு ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பெயர் மாறினாலும் தண்ணீர்ப் பிரச்னை மாறவில்லை. இந்நிலையில், வீட்டில் ஒரு முறை புழங்கிய நீரை மறுபடியும் பயன்படுத்தலாமே என்ற யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. குளித்த நீர், துணி அலசிய நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவற்றைத் தோட்டத்துக்குத் திருப்புவதே அந்த யோசனை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. உண்மையில் இதனால் யாருக்கு எவ்வளவு பயன், யார் செய்ய வேண்டும், யார் செய்யாமல் இருக்கிறார்கள் என்பதை நம்மவர்கள் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பழைய கதை

தீவில் தண்ணீர்த் தட்டுப்பாடு இன்று நேற்று வந்ததல்ல. 1858 மார்ச்சில் பிரிட்டிஷார் கைதிகளைக் கொண்டு வந்து முதலில் இறக்கியது சாத்தம் தீவில். அங்கே தண்ணீர் போதவில்லை என்பதால்தான் தலைமையிடத்தை ராஸ் தீவுக்கு மாற்றினார்கள் என்பது வரலாறு. 2018-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட அந்த ராஸ் தீவில், தண்ணீர் காய்ச்சி வடித்த பழைய ஆலையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். ஆளும் கூட்டத்துக்கே அன்று அந்த நிலைமை.

இன்று நகருக்கு முக்கிய ஆதாரம் தனிக்காரி அணை. 1970-களில் கட்டப்பட்டது, பின்னர் அதன் உயரமும் கூட்டப்பட்டது. ஊர் நடுவில் தில்தாமன் குளம் இருக்கிறது. ருட்லண்ட் தீவின் ஓடைகளிலிருந்து கடலடிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டு வரும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. ஆனால் அடிப்படைக் காரணம் நில அமைப்பில் இருக்கிறது. தீவு முழுவதும் குன்றும் சரிவும். மேல் மண் கனமில்லை. பெய்த மழை சில மணி நேரத்தில் ஓடைகளில் இறங்கிக் கடலில் கலந்துவிடுகிறது. தாயகத்தைப் போல ஏரியும் கண்மாயும் வைத்துத் தேக்கிக்கொள்ளச் சமவெளி இல்லை. ஆழத்தில் பெரிய ஊற்றும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியோடு வந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை தாழ்ந்துவிட்டது. சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. கரையோரத்துக் கிணறுகள் பல உப்பேறின.

தாயகத்தில் பஞ்சம் வந்தால் ரயிலில் தண்ணீர் வரும். 2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயில் வேகன்களில் தண்ணீர் போனது. 2019 ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ரயில்வேயில் ஊழியம் பார்ப்பவன் என்ற முறையில் அதன் செலவும் சிரமமும் எனக்குத் தெரியும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தீவில் ரயில் டிக்கெட் பதிவு செய்யலாம், தண்டவாளம் கிடையாது. ஆகவே உள்ள தண்ணீரை இரண்டு தடவை உழைக்க வைப்பது தவிர வேறு வழி குறைவு.

சாக்கடையில் போவது எது?

வீட்டில் புழங்கும் நீரில் இரண்டு வகை உண்டு. கழிவறையிலிருந்து வருவது ஒரு வகை. அதைத் தொடவே கூடாது. அது செப்டிக் டேங்கில்தான் போக வேண்டும். குளியல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றிலிருந்து வருவது இன்னொரு வகை. இதில் சோப்பும் அழுக்கும் இருக்கும். ஆனால் முதல் வகையோடு ஒப்பிட்டால் கெடுதல் மிகக் குறைவு. வீட்டில் செலவாகும் மொத்த நீரில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகைதான்.

நகரின் பெரும்பாலான வீடுகளில் கழிவறைக்கு மட்டுமே செப்டிக் டேங்க். குளித்த நீரும் துவைத்த நீரும் திறந்த சாக்கடையில் விழுந்து, சரிவில் இறங்கி, நேராகக் கடலுக்குப் போகின்றன. அணையிலிருந்து பம்ப் செய்து, சுத்திகரித்து, குன்றின் மேல் ஏற்றி, முறை வைத்து விட்ட தண்ணீர் ஒரு சொம்பு நேரம் உடம்பில் பட்டு ஓடிவிடுகிறது. இதில் பண நஷ்டம், தண்ணீர் நஷ்டம் இரண்டும் அடங்கியிருக்கின்றன. சோப்பு நீரும் நுரையும் கலப்பதால் கரையோரக் கடலுக்கு உண்டாகும் கெடுதல் தனிக்கணக்கு.

நமக்குப் புதிதல்ல

இது ஏதோ வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. ராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று எந்த ஜில்லாவிலிருந்து இங்கு வந்தவராயினும், ஊரில் கிணற்றடியில் வாழை நின்றதை மறந்திருக்க மாட்டார். குளித்த நீர் வாழைக்கும், பாத்திரம் தேய்த்த இடத்து நீர் சேம்புக்கும் போயிற்று. கொல்லையில் ஒரு தென்னை, ஒரு முருங்கை இருந்தால் அதற்கென்று தனியாக யாரும் தண்ணீர் சுமந்ததில்லை. கோவிலிலும் இதே நியாயம்தான். அபிஷேக நீர் கோமுகி வழியாக வெளியே வந்து நந்தவனத்துக்குப் பாயும். குழாய் வந்தது, சிமெண்டுத் தரை வந்தது, அந்த வழக்கம் போயிற்று.

சென்னையில் இதை மறுபடியும் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் இந்துகாந்த் ரகடே. வேதியியல் படித்த அவர், குளியல் நீரையும் சலவை நீரையும் தனிக் குழாயில் பிரித்து, கல்வாழையும் வாழையும் நட்ட மண்பாத்தியில் விட்டால் மண்ணும் வேரும் சேர்ந்து அதைப் பெருமளவு சுத்தப்படுத்திவிடும் என்று பல அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு எடுத்துக்காட்டினார். பெரிய இயந்திரம் வேண்டாம். மின்சாரமும் அதிகம் வேண்டாம் என்பதே அம்முறையின் சிறப்பு.

உலகத்தைப் பார்த்தாலும் இதே பாடம். 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது, குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுவது பணக்காரர் வீட்டிலும் வழக்கமாயிற்று. நம்மைப் போலவே தீவான சிங்கப்பூர், 2003 முதல் கழிவுநீரையே உயர்ந்த முறையில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்து, ஒரு பகுதியை நீர்த்தேக்கத்திலும் சேர்க்கிறது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு உடனே சாத்தியமில்லை. ஆனால் தீவில் வாழ்பவன் ஒரு சொட்டையும் ஒரே தடவையோடு விட்டுவிடக் கூடாது என்ற புத்தி அங்கே சர்க்காருக்கே இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம்

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அது இல்லாத ஊர்களில் 70 லிட்டர் என்பது மத்திய சர்க்காரின் அளவுகோல். கோடையில் நமக்குக் கிடைப்பதை 40 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 200 லிட்டர். அதில் பாதி குளியலுக்கும் சலவைக்கும் என்றால் 100 லிட்டர் மிஞ்சும். ஒரு வாழைக்கு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். ஆக, இப்போது சாக்கடையில் விடும் நீரில் ஐந்தாறு வாழைகள் கோடையைத் தாண்டிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதனால் குழாய்த் தண்ணீர் மிச்சமாகும் என்று சிலர் சொல்வது பாதி உண்மைதான். தட்டுப்பாடு வந்தவுடன் முதலில் நிறுத்தப்படுவது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதே. ஏற்கெனவே நிறுத்திவிட்ட செலவை எப்படி மிச்சம் பிடிக்க முடியும்? குழாய்த் தண்ணீர் உண்மையில் மிச்சமாக வேண்டுமானால், அலசிய நீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்த வேண்டும். ஒரு தடவை கழிவறையில் ஊற்றும் ஒரு வாளி நல்ல தண்ணீர் அப்போதுதான் மிஞ்சும்.

தோட்டத்தின் பயன் வேறு விதமானது. இத்தீவில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கப்பலில்தான் வர வேண்டும். மற்றக் காய்கறிகளிலும் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வருகிறது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் அபர்தீன் பஜாரில் விலை ஏறிவிடும். மாதச் சம்பளக்காரனுக்கும் தினக்கூலிக்காரனுக்கும் அந்த ஏற்றம் எங்கே வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாசலில் ஒரு முருங்கை, இரண்டு பப்பாளி, நான்கு வாழை கோடையிலும் காய்த்தால் அது குடும்ப பட்ஜெட்டுக்கு நேரடி உதவி. ஆகவே தோட்டத்துக்கு விடுவதைத் தண்ணீர்ச் சிக்கனம் என்பதைவிடச் சாப்பாட்டுச் சிக்கனம் என்பதே பொருத்தம்.

கவனிக்க வேண்டியவை

நல்ல யோசனையையும் தப்பாகச் செய்தால் கெடுதல் வரும். சில விதிகளை மனத்தில் வைத்தல் நலம்.

முதலாவது, இந்த நீரைச் சேர்த்து வைக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் நின்றால் கறுத்து நாற்றம் எடுக்கும், கொசுவும் பெருகும். அன்று பிடித்ததை அன்றே மண்ணில் விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெங்கு கொசு அதிகம் முட்டையிடுவது நாம் முறைத் தண்ணீர் பிடித்து மூடாமல் வைத்திருக்கும் நல்ல தண்ணீர் டிரம்மில்தான். டிரம்முக்கு மூடி இல்லாவிட்டால் துணியாவது கட்ட வேண்டும்.

இரண்டாவது, கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி போன்று பச்சையாகவோ அரைகுறையாக வேகவைத்தோ உண்பவற்றுக்கு இந்த நீர் ஆகாது. வாழை, தென்னை, பாக்கு, முருங்கை, பப்பாளி, பூச்செடி ஆகியவற்றுக்கு விடலாம். இலை மேல் தெளிக்காமல் வேர்ப் பக்கம் மண்ணில் விட வேண்டும். குழந்தையின் மலத்துணி அலசிய நீர், வீட்டில் வயிற்றுப்போக்கு நோயாளி இருந்தால் அவர் குளித்த நீர் ஆகியவற்றை இதில் சேர்க்கக் கூடாது.

மூன்றாவது, சோப்பு விஷயம். சோப்பிலும் சலவைத் தூளிலும் சோடியம் என்னும் உப்புச் சத்து இருக்கிறது. தொடர்ந்து ஒரே இடத்தில் விழுந்தால் களிமண் இறுகி, நீர் இறங்காமல் நின்றுவிடும். தீவு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உள்ளதால் சோப்பின் காரம் உடனே தெரியாது. அதை நம்பி அளவு மீறலாகாது. துணிக்குச் சோப்புப் போட்ட முதல் நீரைச் சாக்கடையில் விட்டு, அலசிய இரண்டாவது, மூன்றாவது நீரைப் பிடிப்பது நல்லது. ஒரு மரத்துக்கே தினமும் விடாமல் மாற்றி மாற்றி விட வேண்டும். மண் மேல் வெள்ளைப் பூத்தாலோ, இலை நுனி கருகினாலோ சில நாள் நிறுத்திவிட வேண்டும். மே மாதத்து மழை வந்து மண்ணை அலசிவிடும்; இந்த ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ஆனால் சுனாமிக்குப் பின் உப்பேறிய கரையோர நிலத்தில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உப்பின் மேல் உப்புச் சேரும்.

நான்காவது, சமையலறை நீரில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதை நேரே விடாமல், அடியில் துளையிட்ட பழைய வாளியில் கீழே ஜல்லி, அதன் மேல் கரி, அதன் மேல் மணல் என்று நிரப்பி, அதன் வழியாக விட்டால் பசையும் பருக்கையும் தங்கிவிடும். மேல் மணலை அவ்வப்போது எடுத்துக் கழுவிப் போட வேண்டும். இதற்குக் கொத்தனாரும் வேண்டாம், பிளம்பரும் வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்?

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளில் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவிகிதம். ஜங்கிளிகாட்டிலும் பேம்பூஃபிளாட்டிலும் மற்ற பகுதிகளிலும் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்கள் ஏராளம். ஒரு வளவில் ஐந்தாறு குடும்பங்கள், ஒரே குளியலறை, ஒரே குழாய். அவர்களிடம் போய்த் தோட்டம் போடுங்கள் என்றால் எங்கே போடுவார்கள்? குழாயைத் திருப்ப வேண்டுமானால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். நாளைக்கு வீடு மாற வேண்டியவர் இன்று வாழைக் கன்று வைப்பாரா?

ஆகவே சிக்கனத்தைப் பற்றிய உபதேசம் எல்லாம், ஏற்கெனவே மிகக் குறைவாகத் தண்ணீர் செலவழிப்பவன் தலையிலேயே விழுகிறது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. நாற்பது லிட்டரில் குடும்பம் நடத்துகிறவனுக்குச் சிக்கனம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மூன்று நாள் தண்ணீரைச் சின்டெக்ஸ் தொட்டியில் நிரப்பிக்கொள்ள வசதி உள்ளவன் ஒரு ரகம். நான்கு குடமும் ஒரு டிரம்மும் உள்ளவன் வேறொரு ரகம். முறைத் தண்ணீர் இருவருக்கும் ஒரே நேரம் வந்தாலும், இருவர் வீட்டிலும் ஒரே அளவு தங்குவதில்லை.

பெரிய குழாய்கள் எங்கே?

2023 ஜூலை 18-ல் இங்கு புதிய விமான நிலைய முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளக்கூடியது என்று அறிவிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் வரட்டும். அதனால் டாக்ஸி ஓட்டுபவர் முதல் ஓட்டல் சிப்பந்தி வரை நம்மவர்கள் பலருக்குப் பிழைப்பு இருக்கிறது. ஆனால் ஓட்டலில் தங்குபவர் ஆளுக்குச் செலவழிக்கும் தண்ணீர், குடியிருப்பவர் செலவைப் போலப் பல மடங்கு. தினமும் படுக்கை விரிப்புத் துவைக்க வேண்டும், ஷவர் ஓட வேண்டும், புல்தரை பசுமையாக இருக்க வேண்டும். சுற்றுலா சூடு பிடிக்கும் மாதங்களும் தண்ணீர் வற்றும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன.

நூறு குடிசைகளில் நூறு வாளி பிடிப்பதைவிட, ஒரு ஓட்டலின் குளியல் நீரையும் சலவை நீரையும் ஒரே குழாயில் சேர்த்துத் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் திருப்புவது சுலபம். அரசு குவார்ட்டர்ஸ்களும் ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், அலுவலகக் கட்டடங்களும் அப்படியே. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு பெரிய கட்டடத்திலும் கழிவறை நீருக்கு ஒரு குழாய், மற்ற நீருக்கு ஒரு குழாய் என்று கண்டிப்பாகப் பிரிக்கச் சொன்னால் கட்டும்போது ஆகும் கூடுதல் செலவு சிறிது. கட்டி முடித்த பின் சுவரை உடைத்துச் செய்தால்தான் அதிகம்.

தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கியபோது பலர் முணுமுணுத்தனர். சில மாதங்களில் வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். கிணற்றில் நீர் ஏறியதையும் கண்டார்கள். பின்னர் பல இடங்களில் பராமரிப்பு இல்லாமல் குழிகள் தூர்ந்தன. 2019-ல் சென்னை மறுபடியும் தவித்தது. சட்டம் போடுவது பாதி வேலை, வருடா வருடம் போய்ப் பார்ப்பது மறு பாதி என்பதே அதிலிருந்து கிடைக்கும் படிப்பினை.

2021-ல் அந்தமான் நிகோபாரின் கிராம வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்புக் கொடுத்தாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. அது பாராட்டத்தக்க காரியம். ஆனால் குழாய் வந்த வீட்டில் கழிவுநீரும் கூடும். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய சுஜலாம் இயக்கம், கிராமங்களில் வீட்டு நீரை உறிஞ்சுகுழிகளில் விடும்படி வற்புறுத்தியது. இங்கோ சரிவு நிலத்தில் குழி மட்டும் போதாது. சரிவின் குறுக்கே வரப்புக் கட்டி வாழையும் கல்வாழையும் நட்டால் நீரும் தங்கும், மண்ணும் கரையாது.

செய்ய வேண்டியது

நிர்வாகமும் நகராட்சியும் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஓட்டல்களுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் இரட்டைக் குழாயைக் கட்டாயமாக்குவது முதலாவது. அரசு குவார்ட்டர்ஸ்களில் சர்க்காரே முன்மாதிரியாகச் செய்து காட்டுவது இரண்டாவது. வளவுகளும் வாடகை வீடுகளும் நிறைந்த தெருக்களில், சாக்கடை கடலில் விழுமுன் ஒரு பொதுப் பாத்தி அமைத்து, கல்வாழையும் வாழையும் வைத்து, அதன் பலனைத் தெருவாருக்கே விடுவது மூன்றாவது. தோட்டமில்லாதவனுக்கும் அப்போது ஒரு தார் வாழையில் பங்கு கிடைக்கும்.

நம்மவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரிடம் ஒருவர் தனியாகக் கேட்டால் நடக்காதது, வளவில் உள்ள ஐந்து குடும்பமும் சேர்ந்து கேட்டால் நடக்கும். ஐந்தடி ரப்பர் குழாயும் ஒரு பழைய வாளியும் வீட்டுக்காரருக்குப் பெரிய செலவல்ல. மரம் அவருடையதாகவே இருக்கட்டும், காயில் பாதி குடியிருப்பவருக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் தகராறும் வராது. தமிழ் அமைப்புகளும் கோவில் கமிட்டிகளும் விழாக்களுக்கு ஆள் திரட்டுவதைப் போல இதற்கும் ஒரு நாள் ஒதுக்கினால் தெருவுக்குத் தெரு செய்துகாட்டலாம்.

இதற்கெல்லாம் நேரம் ஜனவரி அல்ல. மழை பெய்துகொண்டிருக்கும்போதே கன்று நட்டு வேர் பிடிக்க வைத்தால்தான், குழாய் வறளும்போது குளியல் நீரைக் கொண்டு அதைக் காப்பாற்ற முடியும். தண்ணீர் நின்ற பிறகு கூட்டம் போட்டுப் பேசுவது நமக்கு வழக்கம். அணை நிரம்பி வழியும் மாதத்திலேயே இந்த வேலையைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.